சிசெனான்டோ மாமாவின் கையெழுத்து

சிசெனான்டோ மாமா யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. அமெரிக்காவில் வல்லேஹோவுக்குக் குடிவந்திருக்கும் எங்கள் இலோய்லோ ஊர்க்காரர்கள் எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். ஜோவெலின் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்த பிறகு, அந்தப் பெருமையை யாராவது எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா இளவயதிலேயே அமெரிக்கக் கடற்படையில் சமையல்காரராகச் சேர்ந்தவர். கப்பல் கப்பலாக அதிகாரிகளுக்கு முட்டை பொரித்துப் போட்டே பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் இங்கே வந்து ஒரு வீடு வாங்கி உட்கார்ந்தார். குள்ளமான ஆள். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஒரு வெள்ளிநிறப் பேனா, தலைக்குக் கறுப்புச் சாயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிக் கோயில் அவர் வீட்டில்தான் இருக்கும். கார் நிறுத்தும் கொட்டகையில் கரோக்கி மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமா பழைய காதல் பாட்டுகளாகப் பாடித் தள்ளுவார். உள்ளே அவர் மனைவி கொன்சிங் அத்தை பெரிய சட்டியில் நூடுல்ஸ் கிளறிக்கொண்டு நிற்பார். அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஊரிலிருந்து புதிதாக யார் வந்து இறங்கினாலும் அந்தக் கொட்டகையில்தான் முதல் படுக்கை. நானே வந்த புதிதில் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே படுத்திருக்கிறேன். வேலைக்குச் சிபாரிசு, வாடகை வீட்டுக்கு உத்தரவாதம், பிள்ளைக்கு ஞானஸ்நானம், எதற்குப் போனாலும் மாமா சட்டைப்பையில் கை விட்டுப் பேனாவை எடுத்துவிடுவார். என்ன ஏது என்று படித்துக்கூடப் பார்க்கமாட்டார். படித்துப் பார்த்தால் வந்தவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்.

ஜோவெலின் அவருடைய இறந்துபோன தங்கையின் மகள். தாயையும் மகளையும் இங்கே வரவழைத்தவரே மாமாதான். தாய் போய்ச் சேர்ந்த பிறகு ஜோவெலின் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு கிழடுகள், நாங்கள் இரண்டு பேர், பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை. தங்குவதற்கும் தின்பதற்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் முதலாளி சம்பளமாகக் காட்டுவார். காகிதத்தில் பார்த்தால் நாங்கள் இருவரும் பிச்சைக்காரிகள்.

இப்படி வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, திருவிழாவுக்கு என்று இலோய்லோ போனவள் எர்வின் என்பவனைப் பார்த்துவிட்டு வந்தாள். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். வாயாடி, நல்லவன். அடுத்த முறை போனபோது கோயிலில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு ஞானப்பெற்றோர் என்று நாலைந்து பெரிய மனிதர்களை நிறுத்துவோம். ஊர் மேயரை நிறுத்தினார்கள், ஒரு டாக்டரை நிறுத்தினார்கள். மாமாவையும் அத்தையையும் கேட்கவில்லை. ஞானப்பெற்றோர் என்றால் கனமாகச் சீர் செய்ய வேண்டும். ஏற்கெனவே எவ்வளவோ செய்த மனிதரை மறுபடியும் செலவில் இழுத்துவிடக் கூடாது என்று ஜோவெலின் நினைத்தாள். நல்லதை நினைத்துத்தான் செய்தாள். ஆனால் அது பிறகு அவளைத் தூங்கவிடவில்லை.

கணவனை அழைக்க மனுப் போட்டாள். எல்லாம் நகர்ந்தது, சம்பளத்தில் வந்து முட்டிக்கொண்டது. வருகிறவன் அரசாங்கத்தின் தலையில் உட்காராமல் பார்த்துக்கொள்ள மனைவிக்கு வருமானம் போதவில்லை என்றால், போதுமான வருமானம் உள்ள இன்னொருவர் கூட்டாகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் விளையாட்டுக் கையெழுத்து இல்லை. கணவன் மனைவி பிரிந்தாலும் அது பிரியாது. வந்தவன் குடியுரிமை வாங்கும்வரை, இல்லாவிட்டால் பத்து வருஷம்போல வேலை பார்த்து முடிக்கும்வரை, போட்டவர் கழுத்திலேயே கிடக்கும்.

"எனக்கு முப்பத்தெட்டு ஆகுதுக்கா. புருஷன் போன்லயே இருந்தா பிள்ளை எங்கிருந்து வரும்?" என்றாள் ஜோவெலின்.

"மாமாவைக் கேளு."

"எப்படிக்கா நேரா கேக்கறது? நீயும் வா."

எங்களில் நேராகக் கேட்கிற வழக்கம் இல்லை. ஊதா வள்ளிக்கிழங்கு கேக் ஒன்று வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். மாமாவின் முட்டிவலி பற்றிப் பேசினோம். புதுச் சாமியாரின் பிரசங்க நீளத்தைப் பற்றிப் பேசினோம். சாப்பிட்டோம். மாமா மூன்று பாட்டுப் பாடினார், கைதட்டினோம். கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் ஜோவெலின் தலையைக் குனிந்துகொண்டே, "மாமா, ஒரு சின்ன விஷயம்," என்று ஆரம்பித்தாள். பெரிய விஷயமெல்லாம் எங்களுக்கு வாசலில்தான் வரும்.

மாமா சிரித்தார். "இதுக்கா சாயங்காலம் பூரா திருட்டு முழி முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தே? எர்வின் என் வீட்டு மாப்பிள்ளை. நான் போடாம வேற எவன் போடுவான்? காகிதத்தைக் கொண்டா, போட்டுடறேன்."

சமையலறையில் பாத்திரம் ஒன்று சத்தமாக உட்கார்ந்தது.

அன்று காரில் ஜோவெலின் பாட்டே பாடிக்கொண்டு வந்தாள். அதோடு சரி. கையெழுத்தோடு மாமாவின் வருமான வரிக் காகிதமும் வேண்டும். அடுத்த ஞாயிறு போனாள். "அதெல்லாம் கொன்சிங் எடுத்து வெச்சிருப்பா," என்றார் மாமா. அத்தையைக் கேட்டால், "எங்க வெச்சேன்னு ஞாபகம் வரலியே. தேடறேன்," என்றார். அதற்கு அடுத்த ஞாயிறும் அதே பதில். அதற்கு அடுத்த ஞாயிறு அத்தைக்குத் தலைவலி. அப்புறம் தவக்காலம், அப்புறம் பாஸ்கா, அப்புறம் யாரோ ஒருவருடைய பிள்ளைக்குப் பட்டமளிப்பு. மாமா ஒவ்வொரு தடவையும் "ஆகட்டும் ஆகட்டும், நான் இருக்கேன்ல?" என்பார். அவர் இருப்பதில் யாருக்குச் சந்தேகம்? காகிதம்தான் இல்லை.

அங்கே இலோய்லோவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. அவளுக்கு அமெரிக்காவில் வேறு ஆள் இருக்கிறான், அதனால்தான் இழுத்தடிக்கிறாள் என்று எர்வினின் அம்மாவிடமே யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எர்வின் அதைச் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்டான்.

"நிஜமாவே உங்க மாமா ஒத்துக்கிட்டாரா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

ஜோவெலின் போனை வைத்துவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவிக்குத் துணி மாற்றப் போனாள். துணியை உதறின வேகத்தில் கிழவி கண்ணைத் திறந்து, "நான் என்னம்மா பண்ணினேன்?" என்று கேட்டாள். பாவம், அவள் ஒன்றும் பண்ணவில்லை.

"அத்தைக்குக் கோவம்தான்," என்று ஜோவெலின் முடிவு கட்டிவிட்டாள். "கல்யாணத்துல ஞானத்தாயா நிறுத்தலல்ல, அதைத்தான் மனசுல வெச்சிருக்காங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஆட்கள் கோபம் வந்தால் சண்டை போடமாட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். நாம் போய்க் கெஞ்சிக் கொஞ்சி இறக்க வேண்டும். ஜோவெலின் கெஞ்ச ஆரம்பித்தாள். கருவாடு கொண்டுபோனாள், அத்தையின் காலுக்குத் தைலம் கொண்டுபோனாள், ஞாயிறுதோறும் அத்தனை பேருடைய தட்டையும் கழுவினாள். ஒருநாள் தாங்கமுடியாமல் கேட்டேவிட்டாள்.

"அத்தே, கல்யாணத்துக்கு உங்களை நிறுத்தாதது தப்புதான். மன்னிச்சிடுங்க."

"அட, அதுக்குப் போய் நான் ஏன் கோவிச்சுக்கப்போறேன்?"

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் கோபம் தலைக்குமேல் இருக்கிறது என்று அர்த்தம். ஜோவெலின் கழுவிக்கொண்டிருந்த தொட்டியிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டாள். அத்தை கை துடைத்துக்கொண்டு உள்ளே போய், பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். வரிக் காகிதம் எல்லாம் ஒழுங்காக மடித்து அதில் இருந்தது.

"இந்தா. ஆனா உன் மாமா எழுதும்போது பக்கத்துல உக்காந்து பாரு. நல்லாப் பாரு," என்றார்.

அதில் இருந்த எச்சரிக்கை எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. காகிதம் கிடைத்த சந்தோஷத்தில் அத்தையைக் கட்டிப் பிடித்துவிட்டு மேஜைக்கு ஓடினோம்.

நான் கேள்விகளை வாசித்தேன், மாமா பதில் சொன்னார், ஜோவெலின் எழுதினாள். பெயர், பிறந்த தேதி, ஓய்வூதியம். வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன்.

"இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது இப்படிக் கையெழுத்துப் போட்டு, அவங்க பொறுப்பு இன்னும் உங்க மேல இருக்கா? இருந்தா எத்தனை பேர்?"

"யாரும் இல்லை," என்றார் மாமா.

ஜோவெலின் பேனாவைத் தூக்கினாள். "மாமா, உங்க கொட்டகையில இருந்தானே ரோடெல், அவன் பொண்டாட்டிக்கு நீங்கதானே போட்டீங்க?"

"அது அவனுக்கு ஆத்திர அவசரத்துக்குச் செஞ்சது. அதைப் போய் இதுல எழுதச் சொல்றியா?"

"கேக்கறாங்களே மாமா."

"கேக்கறவன் கேப்பான். அவனுக்கு என்ன தெரியும் நம்ம பழக்கம்? செஞ்சதை விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேர் உதவி இல்லம்மா, வட்டிக்கு விடறது. எழுது, யாரும் இல்லைன்னு."

உள்ளே ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது. ஜோவெலின் என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். சாப்பாடு போட்ட மனிதரின் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் யார் யாருக்கு என்ன செய்தீர்கள் என்று கணக்குக் கேட்க எங்கள் இருவருக்கும் நாக்கு எழவில்லை. உண்மையைத் தவிர வேறில்லை என்று அடியில் அச்சடித்திருந்த இடத்தில் மாமா வெள்ளிப் பேனாவால் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். எங்களைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். மற்றவன் வருமானத்தில் பொய் சொல்லுவான். எங்கள் ஆள், செய்த தர்மத்தை மறைத்துப் பொய் சொன்னார்.

நேர்காணலுக்கு எர்வின் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு மணிலா போனான். எங்களுக்கு அப்போது சாயங்காலம், கிழடுகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தோம். போன் வந்தது. ஜோவெலின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜோவெலின், உங்க மாமாவுக்கு எத்தனை குடும்பம்?"

"என்ன உளர்றே?"

"நாலு பேர் ஏற்கெனவே அவர் பொறுப்புல இருக்காங்களாம். நான் அஞ்சாவதாம். அத்தனை பேருக்கும் சேர்த்துப் பார்த்தா ஓய்வூதியம் பத்தாதாம். எழுதினதும் தப்பாம். ஒரு காகிதத்தைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள வேற ஆளோ வேற வருமானமோ காட்டணும். இல்லாட்டி இந்த மனு செத்துச்சு, மறுபடியும் முதல்லேர்ந்து."

ஜோவெலின் கையில் கரண்டியோடு நின்றாள். எதிரே இருந்த கிழவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கரண்டியைப் பிடுங்கி எதன்மேலாவது எறியலாம் போலிருந்தது.

மறுநாளே மாமா வீட்டுக்குப் போனோம். இந்த முறை கேக் வாங்கவில்லை. மாமா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழாயை மூடாமல் அப்படியே போட்டுவிட்டு, "நாலு பேரா? யாரு சொன்னது நாலு?" என்றார்.

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. அத்தை ஏப்ரனோடு வந்து நின்றிருந்தார்.

"நாலுதான். ரோடெல் பொண்டாட்டி. அவளுக்கு இறால் ஆகாது, தனியாக் குழம்பு வெச்சேன். அப்புறம் உங்க ஒண்ணுவிட்ட தம்பியும் அவன் மகனும். அந்தப் பையன் ராத்திரியில முட்டை கேப்பான். அப்புறம் கோயில் பாட்டுக்காரர் மச்சான், சக்கரை வியாதி, அவருக்குச் சோத்தை அளந்து போட்டேன். அதுக்கு முன்னாடி போட்டதுல குடியுரிமை வாங்கிப் போனவங்களை விட்டுட்டேன்."

தண்ணீர் மாமாவின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"நீங்க எண்ணல. பெருந்தன்மை. ஆக்கிப் போட்டவளுக்கு எண்ணிக்கை மறக்குமா?" என்ற அத்தை ஜோவெலின் பக்கம் திரும்பினார். "பேப்பரை ஒளிச்சு வெச்சது நான்தான். ஞானத்தாய், ஞானத்தகப்பன் கோவமெல்லாம் ஒண்ணும் கிடையாது. இவர் ஓய்வூதியம் இதுக்குப் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா இவருக்கு அவமானம். சொல்லாட்டி உனக்குக் கஷ்டம். யாராவது என்னை ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பார்த்தேன். இந்த வீட்ல எல்லாரும் அவரைத்தான் கேக்கறாங்க."

எனக்கு முகம் எரிந்தது. அத்தனை ஞாயிறு அந்தச் சமையலறையில் நின்று கருவாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

இனி வழி ஒன்றுதான் என்று பட்டது. ரோடெல் இப்போது வீடுகளுக்குத் தரை போடும் தொழிலில் நன்றாக வந்துவிட்டான். லாரி வைத்திருக்கிறான், ஆட்கள் வைத்திருக்கிறான். அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் எர்வின் வந்துவிடுவான்.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றாள் ஜோவெலின்.

"மாட்டேன்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஜோவெலின் தலையில் விடிய வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"நான் போய் அவன்கிட்ட நின்னா, அன்னிக்கு நான் செஞ்சது இதுக்காகத்தான்னு ஆயிடும். அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? வேற எது வேணாலும் கேளு, தர்றேன்."

"எனக்கு வேற எதுவும் வேண்டாம் மாமா. என் புருஷன் வேணும்."

மாமா குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜோவெலினும் நானுமாகவே ரோடெலிடம் போனோம். மனுஷன் அப்படி வரவேற்றான். புது சோபாவில் உட்காரவைத்தான். சிசெனான்டோ மாமா இல்லாவிட்டால் நான் ஏது என்று கண் கலங்கினான். விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன, கண்டிப்பாப் பாக்கலாம். கணக்கு பாக்கறவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நானே கூப்பிடறேன்," என்றான். கிளம்பும்போது அவன் மனைவி டப்பா டப்பாவாகச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

காரில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜோவெலின் டப்பாக்களை எண்ணினாள்.

"அக்கா, இவ்வளவு சாப்பாடு கட்டிக் குடுத்தா முடியாதுன்னுதானே அர்த்தம்?"

"ஆமா."

"வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லித் தொலைச்சா என்ன? நான் வேற ஆளையாவது தேடுவேன்ல?"

சொல்லமாட்டார்கள். மாமாவும் சொல்லமாட்டார், ரோடெலும் சொல்லமாட்டான். எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி சரி என்பார்கள், நடுவில் ஒருத்தியின் வயது போய்க்கொண்டிருக்கும். ரோடெல் கூப்பிடவில்லை. கோயிலில் எங்களைப் பார்த்தால் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போக ஆரம்பித்தான்.

நாங்கள் ரோடெலிடம் போய்வந்தது மாமா காதுக்கு எப்படியும் போயிருக்கும். வல்லேஹோவில் எங்கள் ஆட்களிடம் தும்மினால்கூட மறுநாள் பத்துப் பேர் கசாயம் கொண்டுவருவார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் முதியோர் இல்லத்தின் மணி அடித்தது. திறந்தால் மாமா. இஸ்திரி போட்ட வெள்ளை ஏப்ரன், கக்கத்தில் துணியில் சுற்றிய கத்திகள்.

"முதலாளிகிட்ட பேசிட்டேன். இங்க சமையலுக்கு ஆள் வேணுமாமே. வீட்ல சும்மா உக்காந்து போரடிக்குது," என்றார்.

அறுபத்தொன்பது வயது. ஜோவெலினுக்குப் புரிந்துவிட்டது. ஓய்வூதியத்தோடு ஒரு சம்பளமும் சேர்ந்தால் அந்த நாலு பேரைச் சேர்த்துப் பார்த்தாலும் வருமானம் எட்டிவிடும். ரோடெல் வாசலில் ஒரு தடவை போய் நிற்பதைவிட, வருஷக்கணக்கில் அடுப்படியில் நிற்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் கிழடுகளில் ஒருவர் பழைய கடற்படை அதிகாரி. முதல் நாளே முட்டை அதிகம் வெந்துவிட்டது என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். மாமா, "சரிங்க சார்," என்று சொல்லி வேறு முட்டை உடைத்தார். எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே வந்து நின்றார். மத்தியானத்தில் கொல்லைப்பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். முட்டி பன்ரொட்டிபோல் வீங்கியிருக்கும்.

"மாமா, வேண்டாம், விட்டுடுங்க. நான் வேற வழி பாக்கறேன்," என்பாள் ஜோவெலின்.

"எனக்குப் பொழுது போகுதும்மா. நீ போய் உன் வேலையைப் பாரு."

அவளுக்கு நன்றி சொல்வதா கத்துவதா என்றே தெரியவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கத்திவிட்டு வருவாள்.

சம்பளச் சீட்டுகள் சேர்ந்ததும் மறுபடியும் அதே மேஜையில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை அத்தை ஈரக் கையோடு வந்து நின்று, எண்ணிக்கையைச் சொன்னார். ஜோவெலின் எழுதினாள். போன தடவை தப்பாக எழுதியதற்கு விளக்கமும் சேர்த்து எழுதினாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கையெழுத்துக்கு மட்டும் கையை நீட்டினார். கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எர்வினுக்கு விசா வந்தது.

அவன் வந்த வாரமே ஞாயிறன்று மாமா முழுப்பன்றி வாட்டினார். கோயிலே திரண்டு வந்தது. ரோடெல்கூட வந்து எர்வினைக் கட்டிப்பிடித்து, "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளு," என்றான். எர்வின் மாமாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "மாமா, இதை நான் எந்த ஜென்மத்துல திருப்பித் தரப்போறேன்," என்றான். "யாரு கேட்டா? சாப்பிடு," என்றார் மாமா, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி.

கூட்டம் கலைகிற நேரம். போலோய் என்று ஒருவன், எங்கள் ஊர்க்காரன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தலையைக் குனிந்தான்.

"மாமா, ஒரு சின்ன விஷயம். என் பொண்டாட்டிக்கும் மனுப் போட்டிருக்கேன். என் சம்பளம் கொஞ்சம் இடிக்குது."

மாமாவின் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. "அதுக்கென்னடா, காகிதத்தைக் கொண்டா..."

"முடியாது, போலோய்," என்றாள் ஜோவெலின்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கரோக்கிப் பெட்டி பாடுவதற்கு ஆள் இல்லாமல் மெட்டை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

"ஜோவெலின்," என்றார் மாமா.

"அவர் சொல்லமாட்டார், அதான் நான் சொல்றேன். அவர் பேர்ல ஏற்கெனவே அஞ்சு பேர் இருக்காங்க. அஞ்சாவது என் புருஷன். அதுக்காக இந்த வயசுல அடுப்படியில நிக்கறார். நீ ஆறாவது. அவரால முடியாது. இப்பவே தெரிஞ்சிக்கிட்டா நீ வேற ஆளைப் பாக்கலாம். எனக்கு யாரும் இதைச் சொல்லல."

போலோய் ஒரு காலில் செருப்போடு நின்றான். ரோடெல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்து மூன்று நாள்கூட ஆகாத எர்வின், தான் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று மிரண்டுபோய்ப் பார்த்தான். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் அவரிடம் ஒன்று இல்லை என்று முதன்முறையாக ஒருத்தி சொல்லியிருக்கிறாள், அதுவும் அவர் தூக்கி வளர்த்தவள். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவைத் திறக்கவைக்க எத்தனை ஞாயிறு கெஞ்ச வேண்டியிருக்கும் என்று ஜோவெலினுக்கும் தெரியும்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

கொன்சிங் அத்தை சமையலறையிலிருந்து வந்தார். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கத்தியை எடுத்து, பன்றியின் முதுகில் மொறுமொறுவென்று மிச்சமிருந்த தோலில் பெரிய துண்டாக அறுத்து ஜோவெலினின் தட்டில் வைத்தார். இன்னொரு துண்டை இன்னொரு தட்டில் வைத்தார். யாருக்கு என்று நான் சுற்றிப் பார்த்தேன். அத்தை ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஜோவெலின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதைத் தானே சாப்பிட ஆரம்பித்தார்.